கடைசி வரிசைக்குக் கேட்கும்படி

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என்றாலும் என் தம்பியின் மனைவியைப் பற்றி இந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலரில் வேறொருவர் எழுத விடமாட்டேன்.

மச்சாள் என்றுதான் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். அவர் நோர்வேயின் வடக்கே, மாரிக் குளிரில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாத மீன்பிடி ஊரொன்றில் பிறந்தார். தகப்பனைக் கடல் கொண்டுபோனது. உடலும் கரை சேரவில்லை. பதினேழு வயதில் ஒஸ்லோவுக்குப் போய் மேடையேறினார். பெயரெடுத்தார். பிறகு பெரிய மண்டபங்களில் தானே நாடகம் பழக்கினார். கப்பலில் வேலை செய்த என் தம்பியைக் கலியாணம் முடித்து, அவனிடம் எங்கள் பேச்சைப் படித்து, அவனுடைய வேலைக்காக எல்லாவற்றையும் விட்டுக் கனடாவுக்கு, ரொறன்ரோ வந்தார். "உங்கள் ஆங்கிலம் மேடைக்குச் சரிவராது" என்று இங்குள்ள நாடக மண்டபங்களில் திருப்பி அனுப்பினார்கள். மல்வேர்ன் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிலம் துடைத்தார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் என் மகனைக் கொன்றார்கள். அடுத்த வருடம் தம்பி என்னை இங்கே கூப்பிட்டான். அதே பள்ளிக்கூட மண்டபத்தில் மச்சாள் எங்கள் பெண்களுக்கு நாடகம் பழக்கிக்கொண்டிருந்தார். அந்த நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த தாயாக என்னை நிறுத்தினார். ஒப்பாரி வைத்தேன். மற்றப் பெண்கள் அழுதுவிட்டார்கள். மச்சாள் கடைசி வரிசைக் கதிரையில் இருந்து கைதட்டி நிறுத்தினார்.

"மச்சாள், நீங்கள் உங்களுக்காக அழுறியள். இங்கை கேக்கேல்லை. இன்னொருக்கா."

ஏழு தரம் அப்படி.

"நீர் ஒரு பிள்ளை பெத்திருந்தா உப்பிடிக் கேப்பீரே?" என்றேன். பிள்ளை தங்காதவர். முகம் வெளிறியது.

"ஓம், பெறேல்லை. உந்தக் கோபத்தோடை, இன்னொருக்கா."

நாடகத்தன்று மண்டபமே எழுந்து நின்றது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரலை வெட்டி எடுப்பதற்கு முதல் நாள் கேட்டார்: "நான் செத்தா ஒப்பாரி வைப்பியளோ, மச்சாள்?"

"கடைசி வரிசைக்குக் கேக்குமோ எண்டு பாப்பம்."

சிரித்தார். அந்தச் சத்தத்தைப் பிறகு நாங்கள் கேட்கவில்லை.

இறுதிச் சடங்கு மண்டபத்தில், "வெள்ளைக்காரிக்கு ஆர் ஒப்பாரி வைக்கப்போகினம்?" என்று எங்கள் ஆட்களே பின்னால் இருந்து சிரித்தது என் காதில் விழுந்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தேன். விம்மல்தான் வந்தது. மண்டபக்காரர் ஒருவர் வந்து என் தோளைத் தொட்டு, அமைதி என்று சைகை காட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். எனக்காக அழுததை நிறுத்தினேன். இன்னொருக்கா தொடங்கினேன்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்துக் கூட இருந்தவர்களுக்கும், முப்பத்தொரு நாளும் சமைத்துத் தந்த நாடகப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி வரிசையில் இருந்து சிரித்தவர்களுக்கும் நன்றி. உங்களுக்குக் கேட்டிருக்கும்.