பழைய எண்கள் காட்டிய வானம்

அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார் பார்ப்பது றோலண்டின் வேலை. வீட்டிலிருந்தே வானொலியில் வெளியூர்க்காரர்களோடு பேசவும் லைசன்ஸ் வைத்திருந்தான். தங்கை ஐவியை, இலங்கையும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் இருந்த கோத்தகிரியில் சிவசாமி என்ற வானொலி நண்பர் கிடைத்தார்.

எண்பத்து மூன்றில் வானொலிக்காரர்களுக்கென்றே ஒரு செயற்கைக்கோள் மேலே போனது. மிக உயரத்தில் சுற்றுவது. அது எந்நேரம் எங்கே நிற்கும் என்று கணக்குப் போடச் சில எண்கள் வேண்டும். பாதை மாறினால் எண்களும் மாறும். சிவசாமி அவற்றைத் தபாலில் அனுப்புவார். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் ஐவியைப் பேச வைப்பதாக எழுதியிருந்தார். ‘அதற்குள் கோளை வேறு பாதைக்குத் தள்ளுவார்கள். புது எண்கள் அனுப்புகிறேன்.’

ஜூலைக் கடைசியில் தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் நுவரெலியா எரிந்தது. தபால் நின்றது, புது எண்கள் வரவில்லை. அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்பது ஐவிக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு, றோலண்ட் ஏரியலை மூங்கிலில் கட்டி, குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நட்டான்.

“எறக்குங்க. தீவிரவாதிகளோட பேசுறீங்கன்னு புடிச்சிட்டுப் போயிருவாங்க,” என்றாள் மனைவி மரியநாயகி.

“நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருப்பா.”

“நெசமாவே செத்துட்டா?”

அடுத்த வீட்டு மூக்கன் எட்டிப் பார்த்தான். “என்னண்ணே, மீன் முள்ளக் கம்புல கட்டி ஆகாசத்துக்குக் காட்டுறீங்க?” யாரும் சிரிக்கவில்லை.

பழைய எண்கள் காட்டிய இடத்தில் இரைச்சல்தான். மூங்கிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். “ஐவி, அண்ணன் பேசுறேன். இருக்கேன்.” வானம் முழுக்கத் தேடினான். தூறல் விழுந்தது. கீழே ரோட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு மூங்கில் சுற்றுவது நன்றாகத் தெரிந்தது.

மத்தியானம் ஜீப் வந்தது. வானொலிப் பெட்டியையும் எடுத்தார்கள், அவனையும் எடுத்தார்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் திருப்பி அனுப்பினார்கள். இடது காது கேட்கவில்லை. வீட்டில் இரண்டு கடிதங்கள் இருந்தன. பிரித்து ஒட்டிய முதல் கடிதத்தில் புது எண்கள். அடியில் சிவசாமி எழுதியிருந்தார்: ‘ஞாயிறு காலையில் கோள் பூமிக்கு அந்தப் பக்கம் போய்விடும். ஐவியைப் பொழுது சாயக் கூட்டி வருகிறேன்.’

அன்று பொழுது சாய அவன் ஜீப்காரர்களின் காவலில் இருந்தான்.

மற்றது ஐவியின் கடிதம், மரியநாயகி பேருக்கு. ‘அண்ணி, அன்னைக்கு இருட்டுற வரைக்கும் கூப்பிட்டேன். பதில் இல்ல. அண்ணன் ஆத்துமாவுக்குப் பூச வச்சிட்டோம். நீங்களாவது எழுதுங்க.’

றோலண்ட் கடிதத்தை மடித்து மனைவியிடம் கொடுத்தான்.

“எழுது,” என்றான். “என் கையெழுத்தப் பாத்தா பயந்துருவா.”