மீன் தொட்டிக்குப் பின்னால்

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். என் வீட்டுக்காரர் மிரண்டு நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் வருவார், செருப்பைக் கழற்றுவார், விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டு நாற்காலியில் சாய்வார். "என்னங்க ஆச்சு?" என்றால், "ஒண்ணுமில்ல. மறுபடியும் மறைச்சுட்டாங்க" என்பார்.

டாக்டர், பல் டாக்டர், நர்ஸ் எல்லோருக்கும் லைசென்ஸ் கொடுக்கிற கவுன்சிலில் அவருக்கு வேலை. வைத்தியத்தில் தப்பு நடந்தால் யாரிடம், எப்படிப் புகார் கொடுப்பது என்று போனில் சொல்ல அங்கே ஒரு பிரிவு உண்டு. அந்த நம்பர் போட்ட போஸ்டரைக் கிளினிக் கிளினிக்காக ஒட்டுவதுதான் இவர் உத்தியோகம். அதற்கான செலவு, டாக்டர்கள் கட்டும் லைசென்ஸ் பணத்திலிருந்துதான் வரவேண்டும். பூனையிடமே மணி வாங்கக் காசு கேட்கிற கதை!

ஒட்டக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. "தாராளமா ஒட்டுங்க" என்று சிரிப்பார்கள். அடுத்த முறை போனால் அதன் மேல் காலண்டர் தொங்கும், முன்னால் அலமாரி நிற்கும். எங்கள் தெருமுனைப் பல் டாக்டர் ஒரு மீன் தொட்டியே வாங்கி வைத்துவிட்டார். இவர் சண்டை போடமாட்டார். காலண்டரை எடுத்துப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு வருவார். அது மறுபடி பழைய இடத்துக்குப் போகும். இவரும் மறுபடி மாற்றுவார். எனக்குத்தான் கேட்கக் கேட்க அலுத்துப்போகும்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பல் வலி வந்தது. கிட்ட இருக்கிறாரே என்று தெருமுனை டாக்டரிடமே போனேன். மரத்துப்போன வாயோடு வீட்டுக்கு வந்து, மரப்பு இறங்கியதும் நாக்கால் தடவிப் பார்க்கிறேன். சொத்தைப் பல் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் இருந்த நல்ல பல்லைக் காணோம்! திரும்ப ஓடிப்போய்க் கேட்டதற்கு, "அதுவும் நாளைக்குக் கெட்டுப்போகத்தானேம்மா போகுது" என்றார் அந்தப் புண்ணியவான்.

வீட்டில் இவர் என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"அந்த நம்பரைக் கொடுங்க. இப்பவே பேசறேன்."

"இப்ப வேணாம்மா."

"என்னது?"

"அடுத்த வாரம் கவுன்சில் மீட்டிங். போனே வர்றதில்ல, இதுக்கு எதுக்குப் பணம்னு டாக்டருங்க கேக்கறாங்க. போஸ்டரை மறைச்சா போன் எப்படி வரும்? இதுல நீ போன் பண்ணா, கணக்கு காட்ட வீட்டு ஆளையே பேசவிட்டான்னு சொல்லிடுவாங்க. மொத்தமா மூடிடுவாங்க."

"ஊருக்குத்தான் உபதேசமா? பல்லு என்னோடதுங்க!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் போன் பண்ணவில்லை. ரொட்டியைப் பாலில் நனைத்து ஒரு பக்கமாக மென்று விழுங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் பிழைப்பாயிற்றே.

மீட்டிங் நடந்தது. பணத்தை நிறுத்திவிட்டார்கள். மாதக் கடைசியோடு போன் பிரிவு கிடையாது. இவருக்குக் கடைசியாக ஒரு வேலை கொடுத்தார்கள்: ஒட்டிய போஸ்டரையெல்லாம் இவரே போய் உரிக்கவேண்டும்.

"ஒட்டின கையாலயே உரிக்கணுமாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் முழங்காலுக்கு ஆகாது என்று தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

தெருமுனை டாக்டரிடம் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். இருவருமாக மீன் தொட்டியை நகர்த்தினோம். வெயிலே படாததால் போஸ்டர் நேற்று ஒட்டியதுபோல் பளிச்சென்று இருந்தது. இவர் சுரண்டியை எடுத்தார். கை மேலே போனது, அப்படியே நின்றது.

"நீ போன் பண்ணிடு" என்றார். "இனிமே யார் என்ன சொன்னா என்ன? பண்ணு. அப்புறம் உரிக்கிறேன்."

அங்கேயே நின்று நம்பரை அழுத்தினேன். எடுத்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உரக்கவே சொன்னேன். எங்கே எழுதிப் போடவேண்டும், எதையெல்லாம் சேர்த்து அனுப்பவேண்டும் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"நீங்க மூடினப்புறம் என் புகார் என்னம்மா ஆகும்?"

"விசாரணை எப்பவும் போல நடக்கும்மா. அப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்றதுக்குத்தான் ஆள் இருக்காது. எங்க நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான்."

"பல் டாக்டரோட மீன் தொட்டிக்குப் பின்னாடி."

யாரோ சிரித்தார்கள். நான் போனை வைத்ததும், கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து போஸ்டர் அருகே வந்தார். "கொஞ்சம் இருங்க தம்பி, கண்ணு சரியாத் தெரியல" என்று சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். உள்ளே இருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, "இன்னுமா உரிக்கல?" என்றார்.

"அவர் எழுதிக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். குரல் உயரவில்லை. ஆனால் டாக்டர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பெரியவர் ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துப் பார்த்து உள்ளங்கையில் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை சுரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார் இவர். பிறகு சுவரை நனைத்து, மூலையிலிருந்து மெதுவாக உரிக்க ஆரம்பித்தார்.