முழுப்பேர் வாங்கிய அண்ணன்

என் அண்ணனுக்கு இருபது வயது. எனக்கு இருபத்து மூன்று. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அவனை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றோடு அவன் வயது நின்றுவிட்டது. நான் அவனைக் கடந்து வந்துவிட்டேன். ஆனால் அம்மாவிடம் அவனை முந்த என்னால் முடியவில்லை.

வீட்டில் இல்லாதவனோடு போட்டியிடுவது கடினம். அவன் குடிப்பதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை. தீபாவளிக்கு எனக்கு எடுக்கும் துணியைவிட நல்ல துணியில் அவனுக்குச் சட்டை எடுப்பாள் அம்மா. கோழி சமைத்தால் தொடைத் துண்டு அவனுக்கென்று கிண்ணத்தில் மூடி வைக்கப்படும். மறுநாள் காலை அதைச் சுடவைத்து எனக்குத் தருவாள். அவன் தின்னாமலே அவனுடைய மிச்சத்தைத் தின்று வளர்ந்தவள் நான். உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் பெண் நான்தான் என்று தெரிந்த அன்று, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "அவன் இருந்திருந்தா லயம் பூரா கேக்கு குடுத்திருப்பான்." அதைக் கேட்டு லயத்தின் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் அழுதார்கள். என் பெறுபேறு அந்த அழுகையில் கரைந்து போயிற்று.

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் தோட்டம். அப்பா இறந்தபின் அண்ணன் மட்டக்களப்பில் ஒரு புடவைக்கடையில் சில காலம் வேலை செய்தான். பிறகு திரும்பி வந்து தோட்டத்தில் பேர் பதிந்தான். அவனைத் தேடி வருவதற்கு அந்த மட்டக்களப்பு வாசம் போதுமாக இருந்திருக்கலாம். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. யுத்தம் முடியும் தறுவாயில் இருந்த காலம் அது. மட்டக்களப்புப் பக்கம் இயக்கத்திலிருந்து பிரிந்து, இராணுவத்தோடு சேர்ந்து இயங்குவதாகச் சொல்லப்பட்ட ஆயுதக் குழுக்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அப்படி ஒரு தொடர்பே இல்லை என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த ஆண்டு விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது, பதுளையில் நடக்கும், காணாமற்போனோர் பற்றிய விசாரணைக்கு அம்மாவை அழைத்திருந்தார்கள். அவளுக்கு இது புதிதல்ல. விரும்பினால் மரணச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம் என்று முன்னரே சொல்லியிருந்தார்கள், அம்மா மறுத்துவிட்டாள். இம்முறையாவது அவள் அதை வாங்கிவிட வேண்டும் என்று நான் விரும்பினேன். அண்ணன் இறந்தவனாகிவிட்டால் மிஞ்சியிருக்கும் அம்மா எனக்குக் கிடைப்பாள் என்பது என் கணக்கு.

விசாரணை செய்தவர் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர். களைத்த, மரியாதையான முகம்.

"உங்கட மகன்ர முழுப்பேர் என்ன அம்மா?"

"முழுப்பேருதாங்க மேடம். என் மகன் ஒரு நாளும் அரைப்பேரு வாங்குனதில்ல. கங்காணியையே கேட்டுப் பாருங்க."

அவருக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. வேலை குறைந்தால் அரைப்பேர் என்று நான் விளக்கினேன். அவர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் தலையசைத்து, "இவளெல்லாம் பெரட்டுக்குப் போயி வேலைக்கு நின்னா அரைப்பேருகூட விழாதுங்க" என்றாள். அரச மேசைக்கு முன்னாலும் அவன்தான் முழுப்பேர், நான் அரைப்பேர்.

"ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

"தமிழ் பேசுற ஆளுங்கதாங்க. மட்டக்களப்புப் பேச்சு. நான்தான் டீ ஊத்திக் குடுத்தேன். குடிச்சாங்க. ஒரு சின்ன விசாரண, விடிஞ்சா அனுப்பிருவோம்னு சொன்னாங்க."

"இனந்தெரியாத ஆக்கள் எண்டு போடுறன்."

"இனம் தெரியுங்க மேடம். நம்ம இனந்தான்."

அம்மையாரின் பேனா நின்றது. 'இனந்தெரியாத' என்பது பத்திரிகைகளில் ஆயிரம் முறை படித்துப் பழகிய சொல். அது இப்படியும் விளங்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

அம்மா விடவில்லை. "வேன் கீழ எறங்குறப்ப, முச்சந்தியில இருந்த பொலிஸ்காரங்க ரோட்ட மறிக்கிற கம்பத்தத் தூக்கி விட்டாங்க. எங்கள பஸ்ஸ விட்டு எறக்கி எறக்கிச் சோதிச்ச அதே கம்பம். அந்த வேன நிறுத்தல, கேக்கல."

"அதைத்தான் அம்மா அவையள் இல்லையெண்டு சொல்லினம். உங்களைத் தவிர வேற ஆரும் கண்டவையோ? இன்னொரு சாட்சி இருந்தா நல்லம்." அவர் என்னைப் பார்த்தார். "மகள்?"

"இவ பாக்கலங்க. சின்னப் புள்ள. தூங்கிட்டா."

நான் தூங்கவில்லை. பொழுது சாயும் நேரம் அது. அவர்கள் குடித்த கோப்பைகளை நான்தான் எடுத்து வந்தேன். பிறகு லயத்து வாசலில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கீழே முச்சந்தி தெரியும். ஆனால் இத்தனை ஆண்டுகளாக யார் கேட்டாலும் அம்மா என்னைத் தூங்க வைத்துவிடுவாள். அந்த மாலையைக்கூட அவள் அண்ணனுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டாள் என்றே நான் நினைத்திருந்தேன். எனக்கு அதில் பங்கு வேண்டும் போலிருந்தது.

"நான் தூங்கல. பாத்தேன்" என்றேன்.

மேசைக்கடியில் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை. கம்பத்தின் ஒரு நுனியில் பாரத்துக்குக் கல் கட்டியிருந்ததையும், ஒருவர் அந்தக் கல்லை அழுத்தியதையும் சொன்னேன். வேன் வேகத்தைக் குறைப்பதற்கு முன்னரே கம்பம் உயர்ந்துவிட்டது. அதாவது, அது வருமென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அம்மையார் ஒரு புதிய தாளை எடுத்தார். "உங்கட பெயர், விலாசம், படிக்கிற இடம் சொல்லுங்கோ."

அம்மா எழுந்துவிட்டாள்.

"இவ பேர எழுதாதீங்க மேடம். வேணாம். வேணும்னா என் மகன் பேரையும் அழிச்சிருங்க. நாங்க போயிர்றோம். இவ பேரு மட்டும் வேணாம்."

என் பெயருக்காக அவன் பெயரை அழிக்கச் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்கிறேன் போலும். இருந்தும் நான் என் பெயரைச் சொன்னேன், விலாசத்தையும் சொன்னேன். அம்மையார் எழுதினார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மரணச் சான்றிதழைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பசறை தாண்டும்வரை அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? பெரிய வக்கீலு! அவனுங்க எல்லாம் எங்க போயிட்டானுங்க? இங்கதான் இருக்கானுங்க. சட்டைய மாத்திக்கிட்டு இருக்கானுங்க. நாளைக்கு உன்னக் கேட்டு வந்தா நான் யாரப் போயி புடிப்பேன்?"

"யாரும் வர மாட்டாங்கம்மா."

"அப்படித்தான் அன்னைக்கும் டீ ஊத்துனேன்."

வழி முழுவதும் என்னைப் பற்றியே பேசினாள்: என் பிடிவாதம், என் படிப்பு, என் திமிர். அவ்வளவு நேரம் அவள் என்னைப் பற்றிப் பேசியதே இல்லை. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை.

வீடு சேர்ந்ததும் என் பையை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்பு. இங்க இருக்காத. நான் கூப்புட்ற வரைக்கும் வரக்கூடாது."

"லீவு இன்னும் முடியலம்மா."

"முடிஞ்சிருச்சு."

மறுநாள் மலைப்பாதையின் கொண்டைத் திருப்பத்தில் பஸ் திரும்பும்போது எங்கள் லயம் ஒரு முறை தெரிந்தது. வாசலில் அம்மா நின்றிருந்தாள். பஸ் மறைந்ததும் அவள் உள்ளே போயிருப்பாள். அங்கே இனி அவளும் அவனும் மட்டும்தான்.