ஏற்காட்டில் செவ்வாய்க்கிழமைச் சாவி

என் கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சபை மடல் அச்சடிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். "வாயால் சொன்னால் கமிட்டி மறந்துவிடும், எழுதிக் கொடுங்கள்" என்று நம் போதகர் சொன்னதால் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது என்பதும் அவருக்குத் தெரியும்.

நம் வாழப்பாடிப் பக்கத்துச் சபையில் வாலிபப் பிள்ளைகள் வருவது நின்றுபோயிற்று. கீபோர்டு வாங்கினோம். டிரம்ஸ் வாங்கினோம். வாலிபர் கூட்டத்துக்குப் பிரியாணி போட்டோம். பிரியாணி அன்றைக்கு வந்தார்கள். ஏற்காட்டில் ஒரு சின்னச் சபையில் வாலிபர்கள் விட்டுப் போகாமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போதகர் என்னைப் பார்த்துவரச் சொன்னார். என் மகன் ஜான்சன் அங்கே சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான், தங்கிக்கொள்ளலாம் என்பதுதான் காரணம்.

கிளம்பும்போது என் மனைவி சொன்னது வேறு. "சபைக் கதையெல்லாம் அப்பறம் பாருங்க. நம்ம பையன் சர்ச்சுக்குப் போறானா, விட்டே போட்டானா, அதை மட்டும் தெரிஞ்சுட்டு வாங்க."

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர். டிக்கெட் போக, வைத்திருந்த ஐம்பது ரூபாயில் ஒரு டீக்கும் மீதி இருந்தது. அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். "ஞாயித்துக்கெழமையில மேல என்னங்க வேலை?" என்றார். ஆராதனைக்குப் போகிறேன் என்றேன். "இன்னிக்கா? இன்னிக்கு அங்க சாமியே ரூம் போட்டாத்தான் தங்க முடியும்" என்று சிரித்தார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

ஏரிப் பக்கம் இறங்கியபோது ரோடு முழுக்கக் கார். செம்மநத்தம் போகிற வழியில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தேன். இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. ஆலயம் ஓட்டுக் கூரை போட்டது. ஒட்டினாற்போல ஒரு கூடம், அது பூட்டியிருந்தது.

ஒன்பது மணி ஆராதனையில் இருந்தவர்கள் எல்லோரும் என் வயதும் அதற்கு மேலும். ஒரு வாலிபன் இல்லை. ஜான்சனும் இல்லை. தவறான சபைக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். முடிந்ததும் அவ்வூர்ப் போதகரிடம், வாலிபப் பிள்ளைகள் எங்கே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இவங்க எல்லாரும் இப்ப எங்க இருக்காங்கன்னு நெனைக்கறீங்க? ஒருத்தன் படகு தள்ளறான். ஒருத்தி ஓட்டல் ரிசப்ஷன்ல நிக்கறா. ஏற்காட்டுல ஞாயித்துக்கெழமை லீவு கேட்டா வேலையே லீவு ஆயிருமுங்க. நானும் நாலு வருசம் ஞாயிறு ஞாயிறுன்னு கத்திப் பார்த்தேன். அப்பறம் அவுங்களுக்கு என்னிக்கு ஓய்வுன்னு கேட்டேன். செவ்வாய்க்கெழமை மூணு மணிக்கு வாங்க."

அன்று ஜான்சன் அறைக்கு வந்தபோது மணி ஒன்பது. நான்கு டிரைவர்கள் சேர்ந்து எடுத்த அறை. சோறு சாப்பிட்டான், படுத்தான். நானும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால் என் மனைவி என்னிடம் சொல்லியனுப்ப வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

திங்கள் மாலை ஜீப் ஸ்டாண்டில் அவனோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஓட்டல் யூனிபாரத்தில் ஒரு பெண் வந்தாள். பெயர் எஸ்தர் என்று பிறகு தெரிந்தது. சிவப்பு ரிப்பன் கட்டிய சாவி ஒன்றை ஜான்சனின் முன்னால் நீட்டினாள்.

பக்கத்து ஜீப்காரன், "மாட்டுனாண்டா!" என்று கைதட்டினான்.

"எனக்கு வேண்டாமுங்க. நாளைக்கு டிரிப் இருக்குது" என்றான் ஜான்சன்.

"அது எனக்குத் தெரியாதுங்க. போன வாரம் உங்க ஒருத்தரு எடந்தான் காலி. சாவி உங்களுக்குத்தான்." ஜீப்பின் பானட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள். நான் அவள் பின்னாலேயே கொஞ்சம் தள்ளிப் போய் அது என்ன என்று அவளிடம் கேட்டேன்.

"கூடத்துச் சாவிங்கய்யா. அதுக்கு ஒரே சாவிதான், போதகரு கையிலகூடக் கெடையாது. போன வாரம் வராதவங்க இந்த வாரம் தொறக்கோணும். ரெண்டு மூணு பேரு வரலீன்னாச் சீட்டுப் போடுவோம். ஏன் வரலீன்னு மட்டும் யாரும் கேக்கக் கூடாது."

"தொறக்க வரலீன்னா?"

"வெளியில நிப்போமுங்க. ஒருக்கா மழையில நின்னு ஜெபம் பண்ணீட்டுப் போனோம். எனக்கு மூணு நாளு காய்ச்சல்."

அறைக்கு வந்ததும் ஜான்சன் சாவியை என் பக்கம் தள்ளினான். "இதெல்லாம் எனக்கு ஒத்து வராதுங்கப்பா. நான் போயி நாலஞ்சு வாரம் ஆச்சு. அப்பெல்லாம் சீட்டுல தப்பிச்சுட்டேன். நாளைக்கு நீங்களே கொண்டு போயித் தொறந்து விட்டுருங்க. அதோட முடிச்சுக்கறேன்."

என் மனைவி கேட்டனுப்பிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் வாங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டியதில்லை. என் மகனும் அத்தோடு விட்டுவிடுவான்.

"எனக்கு வழி தெரியாது சாமி" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான்.

செவ்வாய் பிற்பகல் இரண்டே முக்காலுக்கே நான் போய்விட்டேன். ஏரிப் பக்கம் காலியாக இருந்தது. படகுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். யூனிபாரத்தோடு சிலர், மாரமங்கலத்திலிருந்து மிளகு மூட்டை ஏற்றிவிட்டு நேராக வந்த ஒருவன், மருதாணிக் கையோடு ஒரு புதுப்பெண். இருபது பேருக்குக் குறையாது. கூடம் பூட்டியிருந்தது. தூறல் போட்டது. எல்லோரும் சுவரோரம் ஒட்டி நின்றார்கள்.

மூன்றேகால். மூன்றரை.

"ஒரு ஃபோன் போட்டாத்தான் என்ன?" என்றான் மிளகு மூட்டைக்காரன். "நாலரைக்கு எனக்கு லாரி."

"போட்டா நாம கூப்பிட்டு வந்த மாதிரி ஆயிரும்" என்றாள் எஸ்தர். "நீ லாரிக்குப் போ. நான் நிக்கறேன்."

"போறேன்னா சொன்னேன்? சும்மா கேட்டா ஊட்டை வித்த மாதிரி பேசற."

அவன் போகவில்லை. போதகரும் குடை இல்லாமல் அவர்களோடுதான் நின்றார். நான் யாருடைய அப்பா என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. வழி தெரியாது என்று சொன்னது தப்போ என்று அவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி ஆகப்போகும்போது ஜீப் சத்தம் கேட்டது. ஜான்சன்தான். பின்சீட்டில் வெளியூர்க் குடும்பம் ஒன்று, ஒரு குழந்தை சுட்ட சோளக்கருதோடு.

"கரடியூர் வியூ பாயின்ட்ல போட்டோ எடுத்துட்டே இருக்காங்க, கெளம்ப மாட்டேங்கறாங்க" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே ஓடிவந்து பூட்டைத் திறந்தான்.

"டிரைவர், இது எந்த பாயின்ட்?" என்று ஜீப்பிலிருந்து அந்த அம்மா கேட்டார்.

"அஞ்சு நிமிசம் மேடம்."

மிளகு மூட்டைக்காரன் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனான். ஏன் லேட் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. ஜான்சன் கடைசிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றான். முதல் பாட்டு முழுவதும் நின்றான். பிறகுதான் என்னைப் பார்த்தான். கிட்டே வந்து, "வழி தெரியாதுன்னீங்க?" என்றான்.

"கேட்டு வந்தேன் சாமி."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு வரக் கிளம்பினான். திரும்பி வந்தானா என்று எனக்குத் தெரியாது. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் எனக்கு வாழப்பாடியிலிருந்து நம் ஊருக்குக் கடைசி வண்டி கிடைக்காது.

இறங்கும்போது கண்ணாடி வழியாகச் சேலம் தெரிந்தது. நம் ஆலயத்தை யோசித்துக்கொண்டு வந்தேன். கீபோர்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். பிள்ளைகள் தொட வேண்டுமானால் பொருளாளர் வர வேண்டும். ஞாயிறு எட்டரைக்கு வராதவனை வாசலிலேயே மடக்கி ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். இரண்டு தடவை அப்படிக் கேட்டால் மூன்றாவது தடவை யார் வருவார்கள்? இதைக் கமிட்டி யோசிக்க வேண்டும். சாவியை யாரிடமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். கொடுத்தால் நம் கையில் இன்னொன்று வைத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டில் கதவைத் திறந்ததும் என் மனைவி கேட்டாள், "போறானா?"

"அவன் வர்ற வரைக்கும் யாராலயும் உள்ள போக முடியலை" என்றேன்.

எழுதி முடித்தது: ஆகஸ்ட் 9, ஞாயிறு.