பேனரோடு போன பெயர்

முக்கூடலில் நையாண்டி மேள செட்டு வைத்திருக்கிறேன். பெயர் 'ஆற்றங்கரை மேளம்'. எங்கள் பக்கம் பல ஊர்களில் கோயில் கொடைத் திருவிழா ஒரே செவ்வாய்க்கிழமையில் வரும். இரண்டு ஊர்க்காரர்கள் கேட்டால், ஓர் ஊருக்கு நாங்கள் போய், இன்னோர் ஊருக்கு எங்களுக்குத் தெரிந்த வேறு செட்டை எங்கள் பேனரைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். எல்லோரும் செய்வதுதான்.

போன கொடை சீசனில் ஆழ்வார்குறிச்சியிலிருந்து போன். "சாமியாடும்போதே மேளத்தை நிறுத்திட்டுப் போயிட்டியளே அண்ணாச்சி, இனி நீங்க வேண்டாம்."

நாங்கள் அங்கே போகவே இல்லை! முன்பு வேறோர் ஊர்க் கொடைக்கு எங்கள் பேனரை வாங்கிப்போன செட்டு ஒன்று, அதைத் திருப்பித் தராமல் எங்கள் பெயரிலேயே வாசித்திருக்கிறது.

பதறிப்போய் வக்கீலிடம் ஓடினேன். "பேரை டிரேட்மார்க்கா பதிஞ்சிருக்கீரா வே?" என்றார். இல்லை என்றேன். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லவேளை, அவங்களும் பதியலை. ஆனா பேனரை நீரே குடுத்துட்டு, பேரு எனக்கு மட்டுந்தான்னு எப்படிச் சொல்லுவீரு?"

உடனே பதிவுக்கு விண்ணப்பித்தோம். வக்கீல் நோட்டீஸ் போனதும் பேனர் திரும்பி வந்தது.

இப்போதும் தேதி இடித்தால் வேறு செட்டைக் கைகாட்டுகிறேன். ஆனால், அவர்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் பேனரோடுதான் அனுப்புகிறேன்.

ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் மட்டும் இன்னும் எங்களைக் கூப்பிடவில்லை.