பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

பிள்ளைகளே, மலேசியாவில் ரந்தாவ் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். தொப்பையில் சட்டைப் பொத்தான் நிற்காது. வேன் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டிவைத்து எல்லாரையும் விரட்டுவார்.

இலக்கியத் தேர்வு நாளில், என் மோட்டார் சைக்கிள் கெட்டுப்போனதால் மகளோடு நானும் அதில் ஏறினேன். பிள்ளைகள், சாகாவரம் பெற்றும் துணைவரைக் கைவிடாத அரசன் கதையை ஒப்பித்தார்கள்.

"அங்கிள், உங்களுக்குச் சாகாவரம் கிடைச்சா?"

"வேணாம்லா! உங்க பேரப்பிள்ளைங்க வாசல்லயும் ஹாரன் அடிக்கணுமா?"

அப்போதுதான் என் மகள் அடையாள அட்டையை மறந்தது தெரிந்தது.

"திரும்பாதீங்க அங்கிள், லேட்டாயிடும்!" மற்றவர்கள் கத்தினார்கள்.

அவர் வேனைத் திருப்பினார். "அந்தக் கடிகாரம் பொய்லா. பத்து நிமிஷம் கையில இருக்கு."

நேரத்தோடு சேர்ந்தோம். நல்ல தலைவர் யார் என்று கேள்வி வந்ததாம். எல்லாரும் அரசனையே எழுதியிருக்கிறார்கள், என் மகளும்தான்! முன்சீட்டில் வேன் ஓட்டியவர் யார் நினைவுக்கும் வரவில்லையே!