கட்டம் காலியாக இருந்தால்

தேன்மொழி இறந்த செய்தி வந்தபோது நான் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டது தெரியாமல் அப்படியே எங்கள் பக்கத்து ஆரணிக்கு, அவள் வீட்டுக்கு ஓடினேன். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நரை. சாவு வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவள் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள்.

அவளைத் தெரிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியின் ஷிப்ட் பஸ்களைப் பார்த்துக்கொள்கிறவன், படிப்பு ஐந்தாவதோடு சரி. யார் எங்கே ஏறுவார்கள் என்ற பட்டியல் தினமும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் எழுதிய குவெரியிலிருந்துதான் வரும்; ஆட்களைப் பொறுக்கியெடுக்கும் கட்டளைக்கு அப்படிப் பேராம்.

"இன்னாம்மா, உன் கம்ப்யூட்டரு இன்னிக்கு எத்தினி பேர முழுங்குச்சி?" என்பேன்.

"உன் மீசைல நரைய எண்ணிக்கினு வாண்ணா, சொல்றேன்" என்பாள்.

ஒரு மழை நாளில் நிஜமாகவே முழுங்கிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளி மேரி எளாவூரில் நனைந்துகொண்டு நின்றாள். பட்டியலில் பேர் இல்லை என்று டிரைவர் ஏற்றவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து நேரம் கழித்து வந்து சேர்ந்தவளுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள்.

"தப்பு என்னுதுதான்ணா" என்றாள் தேன்மொழி. "கம்ப்யூட்டருல ஆளுங்க பேரு ஒரு டேபிள்ல, அதான் ஒரு லிஸ்ட்டுல, ஸ்டாப்பு இன்னொரு டேபிள்ல. ரெண்டுலயும் இருக்கிறவங்களத்தான் எடுக்குது. இவளுக்கு இன்னும் ஸ்டாப்பு ஏத்தல."

லெஃப்ட் ஜாயின் என்று மாற்றினாள். ஸ்டாப் இல்லாவிட்டாலும் பேர் வருமாம். அப்போதும் மேரி பேர் வரவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்து கண்டுபிடித்தாள். 'காலை பஸ் மட்டும்' என்று கடைசியில் போட்டிருந்த வடிகட்டி, ஸ்டாப் இல்லாதவர்களை மறுபடியும் கழித்திருந்தது. அதைத் தூக்கி, டேபிள்களைச் சேர்க்கும் வரியிலேயே வைத்தாள். மேரியின் பேர் வந்தது, பக்கத்தில் காலிக் கட்டத்தோடு. பிறகு மேலே போய்ச் சண்டை போட்டு அந்த ஆப்சென்டையும் அடிக்க வைத்தாள்.

"பேர் இருந்தா ஆள் இருக்குது. கட்டம் காலியா இருந்தா போன் போட்டுக் கேளு. உட்டுட்டு மட்டும் வராதண்ணா."

அதற்குப் பிறகு எங்கள் ஆள் ஒருத்தரும் ரோட்டில் நின்றதில்லை.

காமாலை என்று லீவு போட்ட தேன்மொழி திரும்பி வரவில்லை. அவள் ஏறும் ஆரணியில் வண்டியை நிறுத்தி, ஆள் ஏறாமல் எடுப்பது டிரைவருக்குத் தாங்கவில்லை. அவளுடைய ஸ்டாப்பை எடுத்துவிடச் சொல்லி நானே ஆபீசில் சொன்னேன். ஆட்கள் டேபிளில் பேரை எடுப்பது வேறு பிரிவின் வேலை. அவர்கள் எடுக்கவில்லை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு பழக்கம்தான்.

ஸ்டாப்பை எடுத்த மறுநாள் பட்டியலில் ஒரு கட்டம் காலி. பேரைப் பார்க்காமல் அந்த வரியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஓர் ஆள் எடுத்தார்.

"பஸ்ஸுக்கு எங்க நிக்கிறீங்கோ?" என்று கேட்டேன்.

"தேன்மொழி அப்பா பேசறேன்பா" என்றார்.

அன்று பஸ் தாமதமாகக் கிளம்பியது.